நல்லது செய்யப் போய் வினையானால் அதற்கு என்ன சொல்?

3 ஆகஸ்ட்

கேள்வி இது: “மருந்துக் குறிப்புகளையும் விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளையும் தமிழில் எழுதும் வேலை செய்கிறேன். நல்லதுக்கென்று செய்த காரியம், செய்தவர் நினைக்காத கெடுதலில் போய் முடிந்தால் அதற்குத் தமிழில் ஒரே சொல் உண்டா? நான் பக்கவிளைவு என்று எழுதினேன். மேலே இருப்பவர் பின்விளைவு என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே?”

இரண்டும் ஒன்றல்ல. மருந்தைச் சாப்பிட்டவருக்கே, அது உடம்பில் வேலை செய்யும்போதே கூடவே வருவது பக்கவிளைவு. வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறதே, அது. பின்விளைவு பிந்தி வருவது. யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். திருத்தியவர் செய்தது சரியா என்று வாக்கியத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். முழு வாக்கியத்தையும் போடுங்கள் தம்பி.

3 ஆகஸ்ட், இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. ஊரில் யாரும் பக்கவிளைவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. “அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை” என்பார்கள். “சூடு பிடிச்சிருச்சு” என்பார்கள். மருந்துக் குறிப்பு எழுதும்போது “சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அப்போது இன்னின்னது வரும்” என்று எழுதினால் என் அம்மாவுக்கும் புரியும். பக்கவிளைவு படித்தவர்கள் ஆக்கிய சொல். தப்பில்லை, நிலைத்துவிட்டது. ஆனால் அதைப் படித்ததும் பாட்டிக்குப் பயம் வராது, மாத்திரைக்காரரிடம் கேட்கவும் தோன்றாது.

4 ஆகஸ்ட்

வாக்கியம் வந்துவிட்டது: “கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட வலி நிவாரணியின் பக்கவிளைவால் கழுகுகள் அழிந்தன.”

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். காரணம் சொல்கிறேன். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வலி நிவாரணி டைக்ளோஃபினாக். அதை என் கையால் எத்தனையோ மாடுகளுக்குப் போட்டிருக்கிறேன்.

முதலில் சொல்லுக்கு வருகிறேன். பக்கவிளைவு இங்கே தவறு. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் காலை நீட்டிப் படுத்த மாடு, ஊசி போட்ட மறுநாள் எழுந்து நின்று அசை போடும். விவசாயி கூப்பிட்டு, “எந்திரிச்சிருச்சுங்க சார், தவுடு தண்ணி குடிச்சிருச்சு” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எங்கள் வேலையே. மடிநோய், நொண்டல், கன்று போட்டபின் வரும் வலி, எல்லாவற்றுக்கும் அதுதான். விலை குறைவு, சீக்கிரம் கேட்கும்.

கெடுதல் போய்ச் சேர்ந்தது மாட்டுக்கு அல்ல. பிழைக்காமல் போன மாட்டைத் தின்ன வந்த பறவைக்கு. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்து, அதைப் பாறு தின்றால், பாறின் சிறுநீரகம் கெட்டுவிடும். யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரலிலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும், பிறகு விழும். மருந்து சாப்பிட்டது ஒருவர், செத்தது இன்னொருவர். இதில் பக்கம் எங்கே இருக்கிறது? பின்விளைவு என்று திருத்தியவர் சரி.

“கழுகுகள்” என்பதையும் மாற்றுங்கள். கழுகு வேட்டையாடும். இது பிணம் தின்னும் பறவை, பாறு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு என்று பெயர்களே இருக்கின்றன. பாறு கழுகு என்று சேர்த்துச் சொன்னாலும் புரியும்.

4 ஆகஸ்ட், கொஞ்சம் கழித்து

பின்விளைவு சரி என்று எழுதிவிட்டு நிறைவில்லாமல் இருக்கிறது. பின்விளைவில் கெடுதல் இருக்கிறது, காலம் இருக்கிறது. செய்தவர் இல்லை. புயலுக்கும் பின்விளைவு உண்டு. கேட்டவர் கேட்டது ‘நல்லதுக்கென்று ஒருவர் செய்தது’. அதற்கு நம் ஊரில் ஒரு சொல் இருக்கிறதே: வினை.

“விளையாட்டு வினையாயிற்று.” “வினையை விலைக்கு வாங்காதே.” பேச்சில் “வெனையாப் போச்சு”. இந்த மூன்றிலும் ஒருவர் ஏதோ செய்கிறார், அவர் கெடுதல் நினைக்கவில்லை, கெடுதல் வந்துவிட்டது. கேட்ட அளவுக்குத் தைத்த சட்டைபோல் பொருந்துகிறது. என் ஓட்டு வினைக்கு.

5 ஆகஸ்ட்

வினை என்றால் வேலை என்றுதானே பொருள், கெடுதல் எப்போது ஏறியது என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. ‘வினையே ஆடவர்க்கு உயிரே’ என்று குறுந்தொகை சொல்லும்போது அதில் ஒரு கறையும் இல்லை. வினை முடித்துத் திரும்பும் தலைவன் போரையோ பொருள் தேடும் வேலையையோ முடித்துத் திரும்புகிறான். இலக்கணத்திலும் அப்படித்தான்: பெயர், வினை. வேதியியலில் வேதிவினை. ஆனால் வேறு சொல் சேராமல் தனியாக நின்றால் பேச்சில் அது கெட்டது மட்டுமே. நல்வினைக்கு ‘நல்’ வேண்டியிருக்கிறது. கெட்டதுக்கு ‘தீ’ கூட வேண்டாம். “வினை வந்து சேர்ந்தது” என்றாலே போதும். பிள்ளையார் வினை தீர்ப்பார் என்கிறோமே, அவர் நம் வேலையையா தீர்க்கிறார்?

ஒரே சொல்லில் செய்கையும் இருக்கிறது, அது கொண்டுவந்த கேடும் இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. கையை உதறிவிட்டுப் போக விடாது.

5 ஆகஸ்ட், மாலை

செய்வினை என்றால் பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஊரில் இன்னொன்று என்று யாரோ நினைவுபடுத்தியிருக்கிறார்கள். சிரித்துவிட்டேன். எத்தனை தொழுவத்தில் கேட்டிருக்கிறேன்! பால் திடீரென்று நின்றுவிடும், மடி கல்போல் இருக்கும், பீய்ச்சினால் திரிந்த பாலாக, சில சமயம் ரத்தம் கலந்து வரும். வீட்டு அம்மா வாசலுக்கு வந்து மெதுவாகச் சொல்வார், “யாரோ செய்வினை வெச்சுட்டாங்க சார்.” மடிநோய்தான். நாலு காம்பையும் தனித்தனியாகப் பீய்ச்சிக் காட்டினால் எந்தக் காம்பில் சீழ் என்று அவருக்கே தெரிந்துவிடும். ஆனாலும் எலுமிச்சம்பழம் அறுத்துச் சுற்றிப் போடுவதை நான் தடுத்ததில்லை. அவர் மனசு ஆறினால்தான் கறவையை ஒழுங்காகக் கவனிப்பார்.

இலக்கணச் செய்வினைக்கு வருகிறேன். தம்பியின் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள்: ‘செலுத்தப்பட்ட’, ‘அழிந்தன’. செலுத்தியவர் யார்? எழுவாயே இல்லை. என் பதிவேட்டிலும் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்: ‘ஊசி செலுத்தப்பட்டது’. செயப்பாட்டுவினை. “நான் போட்டேன்” என்று ஒருநாளும் எழுதியதில்லை.

6 ஆகஸ்ட்

திருத்தம். வேறொரு இடத்தில் இந்த மருந்தை இந்தியா 2004இல் தடை செய்தது என்று எழுதியிருந்தேன். தவறு. 2004இல் வந்தது கண்டுபிடிப்பு: லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவும் பாகிஸ்தானின் பஞ்சாபில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்து, காரணம் டைக்ளோஃபினாக் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதற்கு முன் பல வருடம் எல்லோரும் ஏதோ கிருமி என்றே தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் கால்நடைக்கு அதைத் தடை செய்தது 2006. அதற்குப் பிறகும் மனிதருக்கான 30 மி.லி. குப்பி மருந்துக்கடையில் கிடைத்தது. அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல்தான் மனித மருந்தை 3 மி.லி. குப்பிக்குள் அடக்கினார்கள். ஒரு மாட்டுக்கு அப்படி நாலைந்து குப்பி உடைக்க வேண்டும்; யாருக்கும் கட்டுபடியாகாது.

2006க்குப் பின் நான் போடவில்லை. அதற்கு முன் போட்டது எத்தனை என்று எண்ணிப் பார்க்கவும் முடியாது.

6 ஆகஸ்ட், இரவு

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம்.

சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சி. ஓடைக்கரையில் செத்த எருமையைப் போட்டிருந்தார்கள். முதலில் காக்கை, அப்புறம் நாய். பிறகு வானத்தில் ஒரு புள்ளி, இரண்டு, பத்து. இறங்கும்போது சிறகில் காற்று கிழிகிற சத்தம் கேட்கும். கழுத்தில் மயிர் இல்லாத தலையை வயிற்றுக்குள் விட்டு இழுத்தன. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். மறுநாள் போனால் எலும்பும் கொம்பும்தான். நாற்றம்கூட இல்லை.

வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து அதே ஓடைக்கரை வழியாகப் போனபோது ஒரு மாடு நாலைந்து நாளாக உப்பிக் கிடந்தது. சுற்றிலும் நாய்கள். வேட்டியால் மூக்கை மூடிக்கொண்டு வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். பாறு எங்கே போயிற்று என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் 1990களின் பிற்பகுதியிலேயே பாறுகளை எண்ணி, குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாட்டுக்காரன், மாட்டை மட்டும் பார்த்தேன்.

இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஏறக்குறைய 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. இத்தனைக்கும் எல்லாப் பிணத்திலும் மருந்து இருக்க வேண்டியதில்லை. கொல்லும் அளவு மருந்து நூற்றில் ஒரு பிணத்தில்கூட இல்லாமலே இந்த அழிவு வந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பிணத்தில் ஐம்பது, நூறு பறவை கூடி உண்ணும். ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும்.

பாறு போனதும் பிணம் நாய்க்கு மிஞ்சியது. நாய் பெருகியது. பிணம் தண்ணீரிலும் அழுகியது. 2000 முதல் 2005 வரை பாறு இல்லாததால் இந்தியாவில் கூடுதலாக இறந்த மனிதர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மாட்டின் கால்வலிக்குப் போட்ட ஊசி.

8 ஆகஸ்ட்

நாகப்பாம்புக் கதையை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். டெல்லியில் வெள்ளைக்காரன் கொன்ற பாம்புக்குப் பரிசு அறிவித்தான், மக்கள் பாம்பு வளர்த்தார்கள், பரிசை நிறுத்தியதும் திறந்து விட்டார்கள் என்பது. படிக்க நன்றாக இருக்கிறது. அதற்கு ஆவணச் சான்று கிடைத்ததில்லை. உதாரணம் வேண்டுமென்றால் வியட்நாமின் ஹனோய் இருக்கிறது. 1902இல் பிரெஞ்சு ஆட்சி எலிவாலுக்குக் காசு கொடுத்தது. வாலை மட்டும் வெட்டிவிட்டு எலியை விட்டுவிட்டார்கள், குட்டி போடட்டும் என்று. ஊரில் வாலில்லா எலிகள் ஓடின. எலி வளர்த்தவர்களும் அகப்பட்டார்கள். அது நடந்தது.

ஆனால் அதுவும் நாம் பேசுவதும் வேறு வேறு. ஹனோயில் ஆசை காட்டினார்கள், ஆசைப்பட்டவர்கள் ஏமாற்றினார்கள். பாறு விஷயத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள்.

9 ஆகஸ்ட்

பழமொழிகள் குவிகின்றன. ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது: நினைத்தது வரவில்லை, வேறொன்று வந்தது. எங்களுக்குப் பிள்ளையார் நன்றாகவே வந்தார், மாடு பிழைத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது: கிணறும் உண்டு, பூதமும் உண்டு. இது நெருங்கி வருகிறது. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டது: வேண்டாத வேலை. மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது வேண்டாத வேலை இல்லை.

சீமைக்கருவேலத்தை ஒருவர் சொன்னார். அதற்கு வேலிக்காத்தான் என்ற பெயரே நாம் என்ன நினைத்து அதை வைத்துக்கொண்டோம் என்று காட்டுகிறது. வேலிக்கும் விறகுக்கும் என்று வந்தது, கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. ஆனால் ராமநாதபுரம் பக்கம் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்களிடம் அதைக் கெடுதல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதைத் தனியாகப் பேசலாம்.

11 ஆகஸ்ட்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ‘அனர்த்தம்’ என்கிறார். இலங்கையில் புயல், வெள்ளம் எல்லாம் அனர்த்தம்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்று அரசு அலுவலகமே உண்டு. இங்கே அதற்குப் பேரிடர் என்கிறோம். பெரிய கேட்டுக்கு நல்ல சொல். ஆனால் அதிலும் செய்த கை தெரியவில்லை.

‘விபரீதம்’ என்பவர்களுக்கு: செய்தித்தாளில் இப்போது “விளையாட்டு விபரீதமானது” என்றுதான் போடுகிறார்கள், வினையை விட்டுவிட்டார்கள். விபரீதம் என்றால் தலைகீழ். காலை மேலே தூக்கிச் செய்யும் யோகாசனம் விபரீதகரணி. ஜோதிடத்தில் விபரீத ராஜயோகம் என்றால் கெட்ட வீடுகளிலிருந்து நல்லது வருவது. தலைகீழானது நல்லதாகவும் இருக்கலாம். திடீரென்று நடந்ததற்கு அது பொருந்தும். பத்து வருடம் மெல்ல மெல்ல, ஊசி ஊசியாக நடந்ததற்கு எனக்கு வாய் வரவில்லை.

12 ஆகஸ்ட்

வினைக்கு எதிராக வந்த ஒரே கனமான வாதம் இது. ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார்: “வினை என்றால் உடனே ஊழ்வினை, முன்வினை என்று போய்விடும். பட்டவர் ஏதோ செய்திருப்பார், அதனால் பட்டார் என்றாகிவிடும். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது பழமொழி. இங்கே விதைத்தது ஒருவர், அறுத்தது பறவையும் நாய் கடித்த பிள்ளைகளும்.”

இரண்டு நாள் யோசித்தேன். அம்மா சொல்வது சரி. பாறு எந்த வினையும் செய்யவில்லை. பட்டவர் வாயிலோ பட்டவரைப் பற்றியோ இந்தச் சொல்லைப் போட்டால் கொடுமையாகிவிடும். செய்தவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சரி. “நான் போட்ட ஊசி வினையாயிற்று” என்று நான் சொல்லலாம். “பாறுகளுக்கு வினை வந்தது” என்று சொல்லக் கூடாது. 4ஆம் தேதி போட்ட ஓட்டில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அவரே ஒரு குறளும் அனுப்பினார், 469: ‘நன்றாற்றல் உள்ளும் தவறுண்டு அவரவர் பண்பறிந் தாற்றாக் கடை.’ நல்லது செய்வதிலும் தவறு உண்டு, அவரவர் இயல்பு அறிந்து செய்யாவிட்டால். பாறின் சிறுநீரகம் அதன் இயல்பு. மெலாக்சிகம் என்ற மருந்து மாட்டுக்கும் கேட்கிறது, பாறுகளையும் கொல்வதில்லை. அதைப் பாறுகளுக்குக் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் சொன்னார்கள். பாறுகளைக் கொல்லும் வேறு வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் 2023இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள். முதலிலேயே சோதித்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாட்டு மருந்தைப் பறவைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

13 ஆகஸ்ட்

திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் வராமல் போனதும் இந்த ஊசியால்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். மலைமேல் உச்சி வேளையில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்த இரண்டும் மஞ்சள்முகப் பாறு. 1990களின் இறுதியோடு வரத்து நின்றது. அந்த இனமும் நாடு முழுக்கக் குறைந்தது உண்மை. அதற்காக அந்த இரண்டையும் மருந்தின் தலையில் கட்டிவிட வேண்டாம். அவற்றின் உடலை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை.

17 ஆகஸ்ட்

நேற்று பவானிசாகரைத் தாண்டிப் போயிருந்தேன். தமிழ்நாட்டில் பாறு இன்றும் கூடு கட்டுவது பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான், ஆற்றோரத்து நீர்மருத மரங்களில். காட்டுக்குள் போகவில்லை. பழைய பழக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் இறங்கினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் தொழுவத்தில் நான் எத்தனை தடவை நின்றிருக்கிறேன்.

கன்று காலை ஊன்றவில்லை என்றார். “அந்தக் காலத்துல ஒரு மஞ்ச அட்டைப் பொட்டி ஊசி போடுவீங்களே சார், சட்டுனு கேக்குமே, அது கெடைக்காதுங்களா?” என்றார். ஏன் கிடைக்காது என்று திண்ணையில் உட்கார்ந்து முழுக் கதையும் சொன்னேன். முதல் தடவையாக “நான் போட்டேன்” என்று வாயால் சொன்னேன். அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

“பாவமுங்க” என்றார்.

எந்தப் பாவம் என்று எனக்குப் புரியவில்லை. பறவைக்கு இரங்கிச் சொன்னாரா, நாங்கள் செய்ததைச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா. இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல்தான் இருக்கிறது. பட்டவரைப் பார்த்தாலும் பாவம், செய்தது தவறானாலும் பாவம். ஆசிரியை அம்மா கேட்டது இதுதானோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். துண்டறிக்கையில் போடக்கூடிய சொல் இல்லை, தெரியும்.

கன்றுக்குக் குளம்பிடுக்கில் முள். பிடுங்கி மஞ்சள் வைத்துக் கட்டினோம். ஊசி தேவைப்படவில்லை.

18 ஆகஸ்ட்

தம்பிக்கு, வாக்கியத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: “மாட்டின் வலிக்கு நாம் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாட்டின் உடலைத் தின்ற பாறுகளைக் கொன்றது.” பக்கவிளைவும் வேண்டாம், பின்விளைவும் வேண்டாம். தலைப்புக்கு ஒரு சொல் வேண்டும் என்று மேலே இருப்பவர் கேட்டால் ‘நினையாத பின்விளைவு’ என்று போடுங்கள். ‘நாம்’ என்பதை மட்டும் அவர் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

18 ஆகஸ்ட், மாலை

அடித்துவிட்டாராம். ‘கால்நடை மருத்துவர்கள் போட்ட’ என்று மாற்றியிருக்கிறார். சரி, அதுவும் செய்வினைதான். மருத்துவர்களோடு ஆய்வாளர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள்.